பாளையங்கோட்டை வெயிலில் டி-76: சொந்தமாகக் கலந்த அனுபவம்

கறுப்பு-வெள்ளை பிலிமில் பதிந்த படத்தை வெளிக்கொணரும் கரைசலான கோடாக்கின் டி-76 டெவலப்பரைப் பொட்டலமாக வாங்காமல், வேதிப்பொருள்களைத் தனித்தனியே எடைபோட்டுப் பல ஆண்டுகளாக வீட்டிலேயே கலந்து வருகிறேன். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெங்காரம் 2 கிராம். சுமார் 50 டிகிரி சூட்டில் இருக்கும் 750 மில்லி நீரில் இதே வரிசையில் கரைத்து, பிறகு குளிர்ந்த நீரால் ஒரு லிட்டராக நிரப்ப வேண்டும். சல்பைட் நிறைந்த நீரில் மெட்டால் எளிதில் கரையாது என்பதால்தான் அதற்கு முதலிடம். எனினும் காற்றுப்பட்டு அது நிறம் மாறாதிருக்க, சல்பைட்டில் ஒரு சிட்டிகையை மட்டும் முன்னதாகப் போட்டுவிடுகிறேன். கல்லூரி ஆய்வகங்களுக்குச் சரக்குக் கொடுக்கும் கடையில் வாங்குவோர், சல்பைட்டா சல்பேட்டா என்று லேபிளை எழுத்தெழுத்தாகப் படிப்பது நல்லது.

தாமிரபரணிக் குழாய்நீர் எனக்குத் தொல்லை கொடுத்ததில்லை. ஆழ்துளைக் கிணற்றின் உப்புத்தண்ணீரிலோ, சுண்ணாம்புச் சத்து சல்பைட்டுடன் சேர்ந்து வெண்படிவாக இறங்குவதோடு, கடைசி அலசலுக்குப்பின் பிலிமில் புள்ளிகளும் விழுகின்றன. அங்கு டிஸ்டில்டு வாட்டரே வழி.

உண்மையான சிக்கல் வெயில்தான். பிலிமை எவ்வளவு நேரம் டெவலப் செய்வது என்று சொல்லும் அட்டவணைகள் 20 டிகிரிக்கு எழுதப்பட்டவை; சித்திரை, வைகாசியில் மாடித் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. ஐஸ் கட்டியைக் கரைசலில் போட்டால் அது நீர்த்துவிடும் என்பதால் வெளித்தொட்டியில் இட்டு, 24 டிகிரியில் நிறுத்தி, ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நேரத்தைக் குறைக்கிறேன். நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் படம் திட்டுத்திட்டாகும். ஆகவே கோடையில், நேரம் நீளும்படி டெவலப்பரில் சமபங்கு நீர் கலந்து, ஒருமுறை பயன்படுத்தியதும் கொட்டிவிடுகிறேன். அலசும் நீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும். டெவலப் ஆன படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போவுக்கு மட்டும் இந்த வெயில் உதவுகிறது: லிட்டருக்கு 240 கிராம் படிகம் கரையும்போது நீர் சில்லென்று ஆகிவிடுவதால் சுடுநீர் தேவைப்படும், அதை நண்பகலில் எங்கள் குழாயே தந்துவிடுகிறது.

கழுத்துவரை நிரம்பிய புட்டியில் டி-76 ஆறு மாதம் நிற்கும் என்பது கோடாக் சொல்வது; இந்தச் சூட்டில் அவ்வளவு நாள் வைத்திருக்க எனக்குத் துணிவில்லை. மேலும் அது வைத்திருக்க வைத்திருக்க முதலில் வீரியம் ஏறி, பிறகு தளர்கிறது. அதனால் இப்போது பெரும்பாலும் டி-23 என்ற இன்னொரு கோடாக் டெவலப்பரைக் கலக்கிறேன்: மெட்டால் 7.5 கிராம், சல்பைட் 100 கிராம், வேறொன்றும் இல்லை. அதன் மென்மையான கான்ட்ராஸ்ட், நம் ஊர் உச்சிவெயிலில் எடுத்த படங்களின் வெளுத்த பகுதிகளைக் காப்பாற்றுகிறது. ஆனால் மெட்டால் சிலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது. அதன் அளவு இதில் ஏறக்குறைய நான்கு மடங்கு என்பதால், எடைபோடும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம்.