கஞ்சி போட்ட சேலைக்கு ஈரம் இழுக்கும் மெஷின்: ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டிப் பார்த்த பிறகு

எங்கள் வீடு திருமலை நாயக்கர் மகாலுக்குப் பின்பக்கம், ஆட்டோ திரும்ப முடியாத ஒரு சந்தில் இருக்கிறது. பின்கட்டு அறைதான் எனக்குக் கடை, குடோன் எல்லாம். சுங்குடிச் சேலை வாங்கி அடுக்கி வைத்து, ஃபோனில் படம் அனுப்பி விற்கிறேன். பதினோரு வருடமாக இதுதான் தொழில். எப்போதும் இருநூறு சேலைக்குக் குறையாமல் அந்த அறையில் இருக்கும்.

2024 அக்டோபர் கடைசியில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததே, அந்த மழையில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் ஏறவில்லை. தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். மூன்று வாரம் கழித்து கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் படம் அனுப்பினார். இளமஞ்சள் சேலை. முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக ஓடுகின்றன. அந்த வரிசைகளுக்கு நடுவே, எந்த ஒழுங்கும் இல்லாமல், சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக வேறு புள்ளிகள். ‘அக்கா, இது டிசைனா?’ என்று கேட்டிருந்தார். டிசைன் இல்லை, பூசணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அலமாரியைப் பிரித்தேன். சுவரை ஒட்டியிருந்த அடுக்கில் பதினேழு சேலை போயிருந்தது. 2005இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர்க்காரர்கள் பெயர் சொல்லிக் கேட்கும் சேலை இது. கைமுடிச்சுச் சேலைக்கு என்று தனியாகக் காசு கொடுப்பவர்களிடம் பூசணத்தோடு ஒரு சேலை போனால், அடுத்த ஆர்டர் வராது.

பட்டுக்கு இல்லாத ஒரு சங்கடம் சுங்குடிக்கு உண்டு. கஞ்சி போட்டுத்தான் வரும். பருத்தியே காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் துணி. அதன் மேல் மாவுச்சத்து பூசியிருக்கிறது. பூஞ்சைக்கு அது சோறு மாதிரி. வசம்பு, வேப்பிலை, பூந்திக்கொட்டை எல்லாம் அத்தை சொல்லி வைத்துக்கொண்டுதான் இருந்தேன். அவை பூச்சியை விரட்டும், ஈரத்தை எடுக்காது. இது எனக்குப் புரிய பதினேழு சேலை ஆனது.

முதலில் நான் வாங்கியது தப்பான பொருள். மூவாயிரத்துச் சொச்சத்துக்கு ஆன்லைனில் ஒரு சின்ன வெள்ளை டப்பா. கம்ப்ரஸர் கிடையாது, பெல்டியர் என்று ஒரு சில்லை மட்டும் குளிரவைத்து அதில் காற்றைப் படவிடும். சத்தமே இல்லை, அழகாகவும் இருந்தது. இரவெல்லாம் ஓடி, விடிந்து பார்த்தால் அரை டம்ளர் தண்ணீர். பெட்டியின் மேலேயே ஒரு நாளைக்கு 300 மில்லி என்றுதான் போட்டிருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. ஒரு பீரோவுக்குள் வைக்க அது சரி. அறைக்கு ஆகாது. வெள்ளை உருண்டை போட்டு வரும் கால்சியம் குளோரைடு டப்பாக்களும் வைத்துப் பார்த்தேன். ஈரத்தை நன்றாகவே இழுக்கிறது, ஆனால் இழுத்த தண்ணீர் உப்புத் தண்ணீராக அடியில் தேங்கும். அது சாய்ந்து ஒரு சேலையில் கொட்டிய அன்று எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டேன்.

போன வருடம் புரட்டாசியில், மழைக்கு முன்னால், டீஹியூமிடிஃபயர் என்கிற நிஜமான மெஷின் ஒன்றை வாங்கினேன். பைபாஸ் ரோட்டில் இரண்டு பெரிய கடைகளில் கேட்டபோது, ‘மதுரையில இதெல்லாம் யாருக்கா வாங்குறா, ஏசி போடுங்க’ என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். கடைசியில் ஆன்லைனில்தான் வந்தது. 12 லிட்டர் வகை (தொட்டியின் அளவு இல்லை, ஒரு நாளைக்கு அதிகபட்சம் இழுக்கும் தண்ணீர் என்று கம்பெனி சொல்லும் கணக்கு), கம்ப்ரஸர் உள்ளது, ரூ. 17,900. இந்த அளவில் விற்கிற எல்லா மெஷினும் உள்ளே ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது, அதனால் கம்பெனி பெயரை விட்டுவிடுகிறேன்.

பார்சல் கொண்டுவந்தவர் பெட்டியைப் படுக்கப்போட்டு இறக்கினார். ஃபிரிட்ஜ் மாதிரியேதான் இதுவும், படுக்கவைத்தால் கம்ப்ரஸர் ஆயில் இடம் மாறிவிடும். நிமிர்த்தி ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டுவிட்டு, மறுநாள் சாயங்காலம்தான் பிளக்கைச் சொருகினேன். வாங்குகிறவர்கள் ஆசையில் உடனே சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள்.

வேலை செய்யும் விதம் எளிது. காற்றை உள்ளே இழுத்து ஒரு குளிர்ந்த சுருள் மேல் விடுகிறது. பானையில் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் வெளியே வியர்க்குமே, அப்படிச் சுருள் வியர்த்து, தண்ணீர் சொட்டிக் கீழே தொட்டியில் விழுகிறது. காய்ந்த காற்று பக்கத்திலேயே இருக்கும் சூடான சுருள் வழியாக வெளியே வருகிறது. ஏசி அந்தச் சூட்டை வீட்டுக்கு வெளியே தள்ளும். இது அறைக்குள்ளேயே விடும். அதனால் அறை இரண்டு மூன்று டிகிரி சூடேறும். இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். ஐப்பசிப் புழுக்கத்தில் இந்த மெஷின் ஓடும் அறையில் ஆள் படுக்க முடியாது. சேலைக்கு ஒன்றும் ஆகாது.

முதல் 24 மணி நேரத்தில் இரண்டு லிட்டர் தொட்டியை இரண்டு முறை கொட்டினேன். நாலு லிட்டர்! அத்தை வந்து வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, ‘இவ்வளவு தண்ணியையா நாம மூச்சுல இழுத்துக்கிட்டு இருந்தோம்?’ என்றார். எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் தோன்றியது. அப்புறம் காலேஜில் பௌதிகம் படிக்கும் என் மகன் உட்கார்ந்து கணக்குப் போட்டான். அறை பன்னிரண்டுக்குப் பத்து அடி, உயரம் பத்து அடி. 30 டிகிரி வெக்கையில் அந்த அறைக் காற்று ஈரத்தால் முழுக்க நிரம்பியிருந்தாலும், அதில் இருக்கும் தண்ணீர் மொத்தமே சுமார் ஒரு லிட்டர்தான். அப்படியானால் மீதி மூன்று லிட்டர் எங்கிருந்து வந்தது? சேலையிலிருந்து, மர அலமாரியிலிருந்து, கதவிடுக்கு வழியாக, சுவரிலிருந்து. இந்தக் கணக்கைத்தான் நான் இந்த விமர்சனத்தில் முக்கியமாகச் சொல்ல வந்தேன். மெஷின் காற்றைக் காயவைப்பதாக நாம் நினைக்கிறோம். அது அறையில் இருக்கும் அத்தனை பொருளையும் சேர்த்துக் காயவைக்கிறது. எங்காவது தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் அதையும் இழுத்துக்கொண்டே இருக்கும்.

எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று தனியாக 400 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன். மெஷின் வாங்குகிறீர்களோ இல்லையோ, இதை முதலில் வாங்குங்கள். சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, சேறு மாதிரி குழைய மட்டும் சொட்டுத் தண்ணீர் விட்டு, அதையும் மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து ஒரு ராத்திரி மூடிவிடுங்கள். காலையில் 75 சதவீதம் காட்ட வேண்டும். என்னுடையது 78 காட்டியது, அதனால் எப்போதும் மூன்றைக் கழித்துக்கொள்கிறேன். மெஷினிலேயே ஒரு எண் தெரியும், ஆனால் அது தன் வாய்ப்பக்கத்துக் காற்றைத்தான் சொல்கிறது. அலமாரி மூலையில் ஆறேழு புள்ளி வித்தியாசம் இருந்தது.

தினமும் இரவு மெஷின் ஓடினால் 84 இருந்தது 62க்கு இறங்கும். நிறுத்தி நாலு மணி நேரத்தில் மறுபடி 77. மூன்று வாரம் இதே கதை. வெளியே மழை இல்லாத நாளிலும் தொட்டி நிறைந்தது. பாத்ரூம் பக்கச் சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, பெயின்ட் அப்பளம் மாதிரி பொரிந்திருந்தது. கையால் தடவினால் வெள்ளையாக மாவு உதிரும். வருடக்கணக்காக அதை ‘பழைய வீட்டு ஓதம்’ என்று சொல்லி அலமாரியால் மறைத்து வைத்திருந்தோம். கொத்தனாரைக் கூப்பிட்டு உடைத்தால், உள்ளே போகும் பழைய இரும்புக் குழாயின் முழங்கை வளைவு அரித்துச் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு சொட்டாகத்தான், ஆனால் இரவும் பகலும்.

குழாயை மாற்றினோம். கொத்தனார் இன்னொன்றும் சொன்னார். இது செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர், அதன் மேல் பிற்காலத்தில் சிமென்ட் பூசியதால் ஈரம் வெளியே மூச்சு விட வழியில்லாமல் உள்ளேயே நிற்கிறது என்றார். அந்த உயரத்துக்குச் சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சுதான் போட்டார். சுவர் காய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது, அதற்கு மெஷின் பெரிய உதவி. கார்த்திகை நடுவில் தொட்டியில் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்கூடச் சேரவில்லை. மீட்டர் 55, 58 என்று நின்றது. 60க்குக் கீழே இருந்தால் பூசணம் தலைகாட்டுவதில்லை. அந்த மழைக்காலத்தில் ஒரு சேலைகூடப் போகவில்லை. மூக்கில் ஏறும் அந்த முக்கல் வாடையும் போய்விட்டது. அத்தைக்குக் காலை இருமல் குறைந்திருக்கிறது, அது குழாயாலா மெஷினாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

இனி குறைகள். முதல் குறை, கரண்ட் போய் வந்தால் இந்த மாடல் தானாக ஓடாது. மறுபடி பட்டனை அழுத்த வேண்டும். மழைக்காலத்தில்தான் கரண்ட் போகும், மழைக்காலத்தில்தான் இது ஓட வேண்டும். இதைச் செய்தவர்கள் யோசித்திருக்க வேண்டாமா? வாங்கும் முன் இந்த ஒரு விஷயத்தைக் கட்டாயம் கேளுங்கள். இரண்டாவது, தொட்டி சின்னது. நடுராத்திரி நிறைந்து நின்றுவிடும். பின்னால் குழாய் மாட்ட ஒரு துளை இருக்கிறது, ஆனால் உள்ளே பம்ப் இல்லாததால் தண்ணீர் பள்ளம் பார்த்துத்தான் இறங்கும். ஒரு பழைய டீப்பாய் மேல் மெஷினை ஏற்றி, கீழே வாளி வைத்த பிறகு நிம்மதி. சத்தம் பழைய ஃபிரிட்ஜ் அளவுக்கு இருக்கிறது, பக்கத்து அறையில் தூங்கலாம். பின்பக்க வடிகட்டியைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும். துணிக்கடை அறையில் பஞ்சுத் தூசி அதிகம், நான் வாரம் ஒருமுறை கழுவுகிறேன்.

சேர்ந்த தண்ணீரைக் குடிக்கக் கூடாது. சுருளில் உள்ள தூசியும் அழுக்கும் அதில் கலந்திருக்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். அதற்கும் வேண்டாம், அதே தூசிதான் காரணம். நான் வீடு துடைக்க ஊற்றிக்கொள்கிறேன்.

கரண்ட் செலவு பயந்த அளவுக்கு இல்லை. 230 வாட், சராசரியாக ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம். இரண்டு மாத பில்லில் நூறு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடியது. ஜன்னல், கதவு இரண்டையும் மூடிவிட்டு ஓட்டினால்தான் இந்தக் கணக்கு. திறந்து வைத்தால் தெருக் காற்றையெல்லாம் காயவைக்கப் பார்க்கும்.

கடைக்காரர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றேன். மதுரை வருடத்தில் பாதிக்கு மேல் காய்கிற ஊர். தை பிறந்த பிறகு நடுப்பகலில் மீட்டர் 45க்குப் போகிறது, ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதும். ஆடிக் காற்றில் சொல்லவே வேண்டாம். ஆக, இது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதத்துக்கான மெஷின். அறையில் ஏற்கெனவே ஏசி இருந்தால், அதிலேயே டிரை மோட் இருக்கும், அதை ஓட்டிப் பாருங்கள். சும்மா துணி காயவில்லை, நசநசப்பாக இருக்கிறது என்பதற்கு 18 ஆயிரம் போடச் சொல்ல மாட்டேன். கஞ்சி போட்ட சேலை, பட்டு, ஜரிகை, புத்தகம், வீணை, மிருதங்கம் என்று ஈரம் பட்டால் கெடுகிற பொருளை நம்பிப் பிழைக்கிறவர்களுக்குத் தைரியமாகச் சொல்வேன். என் பதினேழு சேலையின் விலையே மெஷினின் விலையைத் தாண்டிவிட்டது. ஐந்துக்கு நாலு மார்க். அந்த ஒரு மார்க் கரண்ட் வந்ததும் தானாக ஓடாததற்கு.

இப்போது மெஷின் பழைய சேலை ஒன்றைப் போர்த்திக்கொண்டு அலமாரிப் பக்கத்தில் நிற்கிறது, நிமிர்த்தித்தான் வைத்திருக்கிறேன். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டாகிவிட்டது. கீழ்த்தட்டில் இனி சேலை வைப்பதில்லை. மீட்டரை அங்கே வைத்திருக்கிறேன், காலையில் விளக்கேற்றிவிட்டு வந்து ஒருமுறை பார்த்துக்கொள்வேன். இன்றைக்கு 49, மூன்று போனால் 46.