திருமங்கலத்துக்கு வீடு தேடி வரும் வலிதணிப்புக் குழு
தம்பிக்கு விரையில் தொடங்கிய ஜெர்ம் செல் (விந்தணுவை உண்டாக்கும் செல்) புற்றுநோய், சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து சிகிச்சைக்குப் பிறகும் நுரையீரலில் திரும்பியது. ஒரு மருத்துவமனை கைவிரித்துவிட்டது. இந்தக் குழு கைவிடவில்லை. புற்றுநோய் மருத்துவரிடம் பேசி, நோயை மட்டுப்படுத்த எட்டோபொசைட் என்ற புற்றுநோய் மாத்திரை வாங்கித் தந்தார்கள். வலிக்கு நான்கு மணிக்கொரு முறை மார்ஃபின். படுக்கும்போது இரட்டை அளவு. கூடவே, மார்ஃபினால் வரும் மலச்சிக்கலுக்கு மருந்து. முன்பு வலி மாத்திரை கொடுத்த இடத்தில் இதை யாரும் எழுதித் தரவில்லை. அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. மார்ஃபின் என்றதும் அம்மா, "போதைக்குப் பழகிவிடுவானே" என்று அழுதார். செவிலியர் திண்ணையில் உட்கார்ந்து, வலிக்கு அளவோடு கொடுத்தால் அந்தப் பயம் வேண்டாம் என்று பொறுமையாக விளக்கினார். ஞாயிற்றுக்கிழமை குழு வருவதில்லை, அது பெருங்குறை. மார்ஃபின் தொடங்கிய மூன்றாம் நாள் தம்பி விடியும்வரை தூங்கினான். எழுந்ததும் இட்லி கேட்டான்.