தண்டையார்பேட்டை எழுத்துப் பயிற்சி: கைப்பிரதிக்காகச் சேரலாம், ஏஜென்டுக்காகச் சேர வேண்டாம்

தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில், ஒரு பழைய வீட்டின் மாடியில், ஞாயிறுதோறும் காலை 10 மணியிலிருந்து 1 மணி வரை நடந்த 12 வார எழுத்துப் பயிற்சியை அண்மையில் முடித்தேன். கட்டணம் 9,000 ரூபாய். எட்டுப் பேர் சேர்ந்திருந்தோம். எல்லோரிடமும் பாதியோ முழுதோ எழுதி முடித்த கைப்பிரதி ஒன்று இருந்தது. அறிவிப்பில் இரண்டு விஷயங்களை வாக்களித்திருந்தார்கள்: அனுபவமுள்ள ஒருவர் கைப்பிரதியை வரிவரியாகப் படித்துத் திருத்த உதவுவார், எழுத்தாளர் சார்பில் பதிப்பாளர்களிடம் பேசி நூலை விற்றுத் தரும் இலக்கிய ஏஜென்ட் ஒருவரை அடையும் வழியையும் கற்றுத் தருவார்கள். முதல் வாக்கை முழுமையாகக் காப்பாற்றினார்கள். இரண்டாவதைப் பற்றிச் சொல்ல வேண்டிய குறை இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்களிடம் நேரில் சொல்லிவிட்டேன்.

எங்களுக்கு வாய்த்த ஆசிரியர் பல ஆண்டுகள் பதிப்பகங்களில் மெய்ப்புப் பார்த்தவர், பிரதி செம்மை செய்தவர். என் நாவல் காசிமேட்டில், மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்களில் நடக்கிறது. மூன்றாம் அத்தியாயத்தில், மே மாதத்து விடியற்காலையில், கதாநாயகியின் தாய் துறைமுகத்தில் ஏலம் எடுத்த வஞ்சிரத்தைக் கூடையில் சுமந்துகொண்டு தெருத்தெருவாக விற்கப் போவதாக எழுதியிருந்தேன். சார் அந்த வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில், “மே மாதத்தில் இது யார் படகில் வந்த மீன்?” என்று மட்டும் எழுதியிருந்தார். விசைப்படகுகள் அத்தனையும் கரையில் கட்டிக் கிடக்கும் மாதம் அது. அந்த ஊரிலேயே பிறந்து, அம்மாவின் கூடைக்குப் பின்னால் நடந்து வளர்ந்த நான் அதை எப்படி மறந்தேன் என்று இரண்டு நாள் மனம் ஆறவில்லை. பிறகு அந்தக் காட்சியை முழுவதுமாக மாற்றினேன். தடை பொருந்தாத ஃபைபர் படகுகளில் வரும் கொஞ்ச மீனுக்குப் பத்துப் பேர் போட்டி போடுவதும், மேற்குக் கரையில் தடை ஜூன் மாதம்தான் தொடங்கும் என்பதால் கேரளத்திலிருந்து ஐஸ் போட்டு லாரியில் வரும் மீனை வாங்கி விற்பதா, இருப்பில் உள்ள கருவாட்டை எடுத்துப் போவதா என்று அவள் முதல்நாள் இரவு முழுவதும் கணக்குப் போடுவதும் கதைக்குள் வந்தன. நாவலின் நடு முடிச்சே அந்தக் கணக்கிலிருந்துதான் பிறந்தது. பென்சிலால் எழுதிய ஒரு கேள்வி ஒரு நாவலுக்கு இவ்வளவு செய்யும் என்பதை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

மற்றவர்களின் பிரதிகளையும் இதே பொறுமையோடு படித்தார். வியாசர்பாடியிலிருந்து வந்த இளைஞரின் சிறுகதைகளில் வட்டார வழக்கைத் திருத்தச் சொல்வாரோ என்று நாங்கள் அஞ்சினோம்; அவரோ பாத்திரங்களின் பேச்சில் ஒரு சொல்லைக்கூடத் தொடாமல், கதைசொல்லியின் குரல் எந்த இடத்தில் பாடப்புத்தக நடைக்கு மாறுகிறது என்பதை மட்டும் காட்டினார். எட்டுப் பேருக்குள் ஒருவர் பிரதியை ஒருவர் படித்துக் கருத்துச் சொல்லும் வழக்கமும் நன்றாக இருந்தது. இடவசதி சுமார்தான், வெயில் ஏறினால் மின்விசிறி போதவில்லை.

குறை கடைசி மூன்று வாரங்களில் வந்தது. ஏஜென்டுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுவது எப்படி, கதைச் சுருக்கத்தையும் மாதிரி அத்தியாயங்களையும் எப்படி இணைப்பது என்று இன்னொருவர் பாடம் நடத்தினார். நியூயார்க்கிலோ லண்டனிலோ ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அந்தப் பாடம் பொருந்தும். அங்கே ஏஜென்ட் இல்லாமல் பெரிய பதிப்பகங்களின் கதவு எளிதில் திறப்பதில்லை. தமிழிலோ எழுத்தாளர் கைப்பிரதியை நேரே பதிப்பாளருக்கு அனுப்புகிறார், இல்லையென்றால் ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில் ஸ்டாலுக்கே போய்ப் பேசுகிறார். நமக்கு ஏஜென்ட் பெரும்பாலும் தேவைப்படுவது, தமிழில் வந்துவிட்ட நூலின் மொழிபெயர்ப்பு உரிமையை வேற்றுமொழிப் பதிப்பாளரிடம் பேசுவதற்குத்தான். தமிழ்நாடு அரசு 2023 முதல் நடத்திவரும் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சி இப்படிப்பட்ட உரிமைப் பேச்சுகளுக்காகவே ஏற்பட்டது. இந்த வேறுபாட்டை முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால், எங்களில் மூன்று பேர் முடியாத கைப்பிரதியை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுதக் கஷ்டப்பட்டிருக்க மாட்டார்கள்.

இதைவிட வருத்தம் தந்தது, பயிற்சியின் முடிவில் “ஏஜென்ட் அறிமுகத்துக்கு” என்று தனியே 15,000 ரூபாய் கேட்டதுதான். நேர்மையாகத் தொழில் செய்யும் ஏஜென்ட் கைப்பிரதியைப் படிப்பதற்கு எழுத்தாளரிடம் காசு வாங்குவதில்லை. நூல் விற்ற பிறகு, எழுத்தாளருக்கு வரும் தொகையில் வழக்கமாக 15 விழுக்காடும், வெளிநாட்டு உரிமை என்றால் 20 விழுக்காடும் கழித்துக்கொள்வதுதான் அவருடைய வருமானம். நூல் விற்றால்தான் தனக்குக் காசு என்ற நிலையில் இருப்பவர்தான் எழுத்தாளருக்காக முனைந்து பேசுவார். முன்பணம் வாங்கியவருக்கு அந்த முனைப்பு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நான் பணம் கட்டவில்லை. கட்டிய தோழி ஒருவருக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டுமே கிடைத்தது. நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் அது என்பதால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த மூன்று வாரங்களில் ஒரே ஒரு மணி நேரம் மட்டும் முழுப் பயனும் தந்தது. அன்று வந்திருந்த வழக்கறிஞர் அம்மா, 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 19ஆம் பிரிவை எங்கள் முன் விரித்து வைத்துப் படித்துக் காட்டினார். உரிமையை ஒருவருக்கு எழுதித் தருவதென்றால் அது எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலன்றி, அந்த உரிமை அவரிடமிருந்து போய்விடும். ராயல்டி எத்தனை விழுக்காடு என்று பேசி முடித்ததும் கையெழுத்துப் போட்டுவிடும் நம் பழக்கத்துக்கு இந்த ஒரு மணி நேரம் பெரிய மருந்து. இதை மூன்று வாரமும் நடத்தியிருக்கலாம்.

ஆகவே, கைப்பிரதி கையில் இருப்பவர்கள், திருவொற்றியூரிலிருந்தோ பெரம்பூரிலிருந்தோ ஞாயிற்றுக்கிழமை வந்து போக முடிந்தவர்கள், முதல் ஒன்பது வாரங்களுக்காகத் தயங்காமல் சேரலாம். அறிமுகக் கட்டணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். ஆங்கில மொழிபெயர்ப்பை மனத்தில் வைத்திருப்பவர்கள், தெற்காசிய எழுத்தாளர்களுக்காகக் கட்டணமின்றி நடக்கும் ‘சவுத் ஏசியா ஸ்பீக்ஸ்’ போன்ற வழிகாட்டல் திட்டங்களுக்கு விண்ணப்பித்துப் பார்க்கலாம்.

என் நாவலைத் தமிழ்ப் பதிப்பாளர் ஒருவருக்கு நேரடியாக அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். ஒப்பந்தத்தில் கால அளவுக்கான இடம் வெற்றாக இருந்தது. அவர்களிடம் பேசி, ஒப்புதல் பெற்று, அங்கே என் கையாலேயே “ஐந்து ஆண்டுகள், தமிழ் அச்சு நூலுக்கு மட்டும்” என்று எழுதிவிட்டுத்தான் கையெழுத்திட்டேன்.