வீட்டுக் கடன்: 15 வருடமா, 20 வருடமா?

பாலக்காடு மாவட்ட எல்லையில், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் பலரும் முதலில் திணறுவது இந்தக் கேள்வியில்தான். ஆன்லைன் இஎம்ஐ கால்குலேட்டரில் 30 லட்சம், 8.5% வட்டி என்று போட்டுப் பாருங்கள்.

மாதத் தவணை
15 வருடம்: சுமார் 29,540 ரூபாய்.
20 வருடம்: சுமார் 26,035 ரூபாய்.

மொத்த வட்டி
15: ஏறக்குறைய 23.2 லட்சம்.
20: ஏறக்குறைய 32.5 லட்சம்.

மாதம் 3,500 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், ஒன்பது லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டுகிறோம்! ஒவ்வொரு தவணையிலும் வட்டிக்கு எவ்வளவு, அசலுக்கு எவ்வளவு என்று கால்குலேட்டர் காட்டும் அட்டவணையையும் திறந்து பாருங்கள். இரண்டிலும் முதல் மாத வட்டி 21,250. இருபது வருடக் கடனில் அசலுக்குப் போவது வெறும் 4,785 ரூபாய், பதினைந்தில் 8,290.

கை இறுகினால்
15: தவணையைக் குறைப்பது சிரமம்.
20: மூச்சுவிட இடம் உண்டு.

நிலையான சம்பளம் இருந்தால் தயங்காமல் 15 எடுங்கள். கடை, விவசாயம், வளைகுடா வேலை என்று வருமானம் ஏறி இறங்குபவர்களுக்கு 20 நல்லது. கையில் பணம் வரும்போது அசலில் கட்டிவிடலாம். மாறும் வட்டியில் தனிநபர் எடுத்த வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது.

அப்புறம், பத்திரச் செலவு இந்தக் கணக்கில் வராது. கட்டிய வீட்டையோ மனையையோ வாங்கினால் கேரளத்தில் முத்திரைத்தாள் 8%, பதிவு 2%. எல்லை தாண்டி கோவைப் பக்கம் என்றால் 7%, 2%. அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.