ஒரு புருவத்துக்கு இரண்டு பில்கள்: முடி மாற்று மருத்துவமனை ஒன்றின் பில்லிங் சேவை

என் தங்கையின் இடது புருவத்தில் பின்பாதியில் முடி கிடையாது. ஆறு வயதில் தாளிப்புக் கரண்டியிலிருந்து தெறித்த எண்ணெயால் வந்த தீக்காயத் தழும்பு அது. 2024இல் சென்னையில் உள்ள ஒரு முடி மாற்று மருத்துவமனையில், காதுக்குப் பின்புறமிருந்து மயிர்க்கால்களை ஒவ்வொன்றாக எடுத்து, அந்த இடத்தில் 92 கிராஃப்ட்களை, அதாவது நடுவதற்கான முடித்துண்டுகளை, நட்டார்கள். அந்த மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. நான் எழுத வந்தது அதற்குக் கொடுக்கப்பட்ட பில்லைப் பற்றி.

நான் எட்டு ஆண்டுகளாகச் சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலை செய்கிறேன். அமெரிக்காவில் உள்ள தோல் மருத்துவர்களும் பிளாஸ்டிக் அறுவை நிபுணர்களும் எழுதும் குறிப்புகளைப் படித்து, அவற்றுக்குரிய குறியீடுகளை இட்டு, காப்பீட்டு நிறுவனங்களுக்கு அனுப்புவது என் தொழில். ஆகவே எவருடைய பில்லைக் கண்டாலும் வரிவரியாகப் படித்துவிடுவேன். தங்கையின் பில்லில் முதல் வரியே என்னை நிறுத்தியது: ‘காஸ்மெடிக் ஹேர் டிரான்ஸ்பிளாண்ட், 110 கிராஃப்ட்’.

ஒரு கிராஃப்டுக்கு 300 ரூபாய் வீதம் 33,000 ரூபாய். மரத்துப்போகச் செய்யும் ஊசிக்கு 2,500 ரூபாய். ஆகமொத்தம் 35,500 ரூபாய். அதன்மேல் மத்திய ஜிஎஸ்டி 9 சதவீதமும் மாநில ஜிஎஸ்டி 9 சதவீதமுமாக 6,390 ரூபாய். கட்டிய தொகை 41,890 ரூபாய். இதில் மூன்று இடங்களில் எனக்குக் கேள்வி எழுந்தது. மூன்றும் ஒரே எடையுள்ளவை அல்ல.

முதலாவது எண்ணிக்கை. அறுவைக்கு முன்பு தரப்பட்ட மதிப்பீட்டுத் தாளில் 110 என்று இருந்தது. ஆனால் தழும்புத் திசுவில் இரத்த ஓட்டம் குறைவு என்பதால் நெருக்கமாக நடுவது சரியல்ல என்று அறுவை நிபுணர் அன்றைக்கே முடிவு செய்து, 92உடன் நிறுத்திக்கொண்டார். அது நல்ல முடிவு. அவருடைய அறுவைக் குறிப்பிலும் 92 என்றே தெளிவாக எழுதியிருந்தார். பில் போட்டவர் அந்தக் குறிப்பைப் பார்க்காமல் மதிப்பீட்டுத் தாளைப் பார்த்துப் போட்டிருக்கிறார். அறுவைக் குறிப்பில் உள்ளதற்கு மட்டுமே பில் போட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம். இதைச் சுட்டிக்காட்டியதும் உடனே ஒப்புக்கொண்டார்கள்.

இரண்டாவது, ஊசிக்கான தனிக் கட்டணம். அமெரிக்க முறையில், அறுவை செய்கிற மருத்துவரே போடும், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி அறுவைக் கட்டணத்துக்குள் அடங்கியது. அதைத் தனியே பிரித்துப் போட்டால் காப்பீட்டு நிறுவனம் திருப்பி அனுப்பிவிடும். இங்கே தனியார் மருத்துவமனைகளை அப்படிக் கட்டுப்படுத்தும் குறியீட்டு முறை இல்லை என்பதால், இதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மதிப்பீட்டுத் தாளில் இந்தக் கட்டணம் இல்லை. முன்பே எழுதியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மூன்றாவதுதான் முக்கியம்: ‘காஸ்மெடிக்’ என்ற அந்த ஒரு சொல்லும், அது இழுத்துவந்த வரியும்.

இந்தியாவில் மருத்துவ சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. 2017ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் தேதியிட்ட 12/2017 எண்ணுள்ள மத்திய வரி அறிவிக்கை, மருத்துவ சேவை என்றால் எது என்று வரையறுக்கும்போது, முடி மாற்று சிகிச்சையையும் அழகுக்கான அறுவைகளையும் அதிலிருந்து நீக்குகிறது. இந்தப் பாதியை மட்டும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே வாக்கியத்தின் மறுபாதி, பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காயம், விபத்து ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட உடல் அமைப்பையோ அதன் செயல்பாட்டையோ மீட்பதற்காகச் செய்யப்படுபவை மருத்துவ சேவையே என்று சொல்கிறது. வழுக்கைக்கு முடி நட்டால் வரி உண்டு (2024இல் அது 18 சதவீதம்); தீக்காயத் தழும்பில் இழந்த புருவத்தை மீட்க நட்டால் வரி இல்லை. செய்யும் கையும் கருவியும் ஒன்றாக இருந்தாலும், எதற்காகச் செய்தார்கள் என்பதே வரியைத் தீர்மானிக்கிறது.

பில்லிங் மேசையில் இருந்த பெண்ணிடம் இதைச் சொன்னபோது, “சார், டிரான்ஸ்பிளாண்ட் என்று போட்டாலே சிஸ்டம் 18 சதவீதம் எடுத்துக்கொள்கிறது, மாற்ற எங்களுக்கு வழியில்லை” என்றார். அவர் சொன்னது உண்மைதான். மென்பொருளில் முடி மாற்று சிகிச்சைக்கு ஒரே ஒரு தலைப்புதான் இருந்தது. தழும்புக்காக வருபவர்களுக்கென்று இரண்டாவது தலைப்பு ஒன்றை யாரும் உருவாக்கவில்லை. முடி மாற்று சிகிச்சையின் வரலாற்றை நினைத்தால் இது வருத்தம் தருகிறது. 1939இல் ஜப்பானிய மருத்துவர் ஷோஜி ஒகுடா, வட்டக் கத்தியால் முடியுள்ள தோலைச் சிறு துண்டுகளாக எடுத்து நடும் முறையை வெளியிட்டபோது, தழும்பாலும் தீக்காயத்தாலும் முடியை இழந்தவர்களுக்கே அதைச் செய்தார். நட்ட இடங்களில் புருவமும் ஒன்று. ஆண்களின் வழுக்கைக்கு அது பயன்படும் என்பதை நியூயார்க் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1950களில்தான் காட்டினார். அவருடைய கட்டுரை 1959இல் வந்தது.

அமெரிக்கக் குறியீட்டு நூலில் ஒகுடாவின் காலத்துச் சொல்லே இன்றும் நிற்கிறது. முடி நடுவதற்கு அங்கே இரண்டே குறியீடுகள்: 15775 என்பது 1 முதல் 15 வரையிலான ‘பஞ்ச் கிராஃப்ட்’களுக்கு (வட்டக் கத்தியால் எடுத்த துண்டுகளுக்கு), 15776 என்பது 15க்கு மேற்பட்டவற்றுக்கு. பதினாறு நட்டாலும் இரண்டாயிரம் நட்டாலும் 15776 ஒருமுறைதான். ஆகவே செயல்முறைக் குறியீட்டை மட்டும் பார்த்து, அது அழகுக்கா மீட்புக்கா என்று யாராலும் சொல்ல முடியாது. அதைச் சொல்வது நோய்க் குறியீடு. ஆண்வகை வழுக்கை என்றால் எல்64 வரிசை. தழும்பு என்றால் எல்90.5, அதனுடன் தீக்காயத்தின் பின்விளைவு என்பதைக் காட்டும் டி20 வரிசைக் குறியீடு, கடைசி எழுத்து எஸ் ஆக. முதலில் தழும்பு, பிறகு அதன் காரணம்; இந்த வரிசை மாறக்கூடாது. மருத்துவர் தம் குறிப்பில் ‘சிறுவயதுத் தீக்காயத்தால்’ என்று எழுதாமல் விட்டால், கோடருக்கு அந்த இரண்டாவது குறியீட்டை இட உரிமை இல்லை. அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்குரிய சட்டமும் அழகு அறுவையை விலக்கிவிட்டு, விபத்துக் காயத்தை உடனடியாகச் சரிசெய்வதற்கும், உருக்குலைந்த உறுப்பின் செயல்பாட்டை மேம்படுத்துவதற்கும் மட்டும் விதிவிலக்குத் தருகிறது. எந்த நாடானாலும் மருத்துவரின் அந்த ஒரு வாக்கியத்தில்தான் எல்லாம் நிற்கிறது என்று இத்தனை ஆண்டுகளாக வேற்று நாட்டு நோயாளிகளின் கோப்புகளில் படித்துவந்தேன். என் வீட்டிலேயே அதைக் காண்பேன் என்று எண்ணவில்லை.

நல்ல வேளையாக எங்கள் அறுவை நிபுணர் அந்த வாக்கியத்தை எழுதியிருந்தார். அறுவைக் குறிப்பின் நகல், அறுவைக்கு முன் எடுத்த படம், அறிவிக்கையின் அந்தப் பத்தி ஆகிய மூன்றையும் வைத்து மேலாளருக்குக் கடிதம் எழுதினேன். பத்து நாள்களில் அவர்களுடைய கணக்காளர் தொலைபேசியில் அழைத்து, பொறுமையாகக் கேட்டார். பழைய பில்லைத் திருத்தும் ‘கிரெடிட் நோட்’ என்ற ஆவணத்தைப் போட்டு, வரி விலக்குள்ள சேவைக்குத் தர வேண்டிய ‘பில் ஆஃப் சப்ளை’யைப் புதிதாகக் கொடுத்தார்கள். இப்படித் திருத்தும் வரியை மருத்துவமனை அந்த நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30க்குள் தன் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம் என்பதால், அவர்களுக்கும் இதில் நட்டமில்லை. புதிய பில்: 92 கிராஃப்டுக்கு 27,600 ரூபாய், ஊசிக்கு 2,500 ரூபாய், மொத்தம் 30,100 ரூபாய். 11,790 ரூபாய் தங்கையின் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வந்தது. தவறு செய்த இடம்தான். திருத்திய விதத்தில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

காப்பீட்டில் பணம் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதலில் அனுப்பிய கோரிக்கையை, பில்லில் இருந்த ‘காஸ்மெடிக்’ என்ற சொல்லைக் காட்டியே மறுத்தார்கள். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொதுவான விலக்குகளில் எட்டாவது, அழகு அறுவையை விலக்கினாலும், விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய மீட்பு அறுவையை விலக்குவதில்லை. புதிய பில்லுடன் மீண்டும் அனுப்பியபோது அந்தக் காரணத்தை அவர்கள் கைவிட்டார்கள். ஆனால் இது 24 மணிநேரம் தங்கிப் பெற்ற சிகிச்சை இல்லை, பாலிசி ஏற்கும் ‘டே கேர்’ (ஒரு நாளுக்குள் முடித்து வீடு திரும்பும்) சிகிச்சையும் இல்லை, புறநோயாளிச் சிகிச்சையே என்று சொல்லி மறுத்தார்கள். பாலிசியை எடுத்துப் படித்தேன்; அவர்கள் சொன்னது சரி. சிறிய அளவில் முடி நடும் எவரும், அந்த இடம் தங்கள் பாலிசியின்படி டே கேர் மையமா என்பதையும், அந்தச் சிகிச்சையை டே கேராக ஏற்பார்களா என்பதையும் அறுவைக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நான் கேட்கவில்லை.

அறுவையைப் பற்றிச் சுருக்கமாக: நட்ட முடி மூன்றாவது வாரத்தில் உதிர்ந்தது, நான்காவது மாதத்தில் முளைக்கத் தொடங்கியது. இப்படித்தான் நடக்கும் என்று முன்பே விளக்கியிருந்ததால் தங்கை பயப்படவில்லை. தலைமுடியின் இயல்பு மாறாமல் அது நீண்டுகொண்டே வருகிறது. வாரம் ஒருமுறை கத்தரித்துக்கொள்கிறாள். முடி படிந்து கிடக்கும் கோணம் வலப்புருவத்துக்குப் பொருந்தியிருக்கிறது. வால் நுனியில் மட்டும் அடர்த்தி போதவில்லை.

அதற்காக இரண்டாவது அமர்வுக்குச் சென்ற மாதம் போனோம். அதே மேசையில் அதே பெண் இருந்தார். இந்த முறை மதிப்பீட்டுத் தாளில் ‘தழும்பு மீட்பு, இடப்புருவம், 30 முதல் 40 கிராஃப்ட் வரை, நட்ட எண்ணிக்கைக்கே கட்டணம்’ என்று அச்சாகியிருந்தது. ஊசிக் கட்டணமும் தனியே எழுதப்பட்டிருந்தது. வரிக் கட்டத்தில் சுழியம் இருந்தது. “இப்போது சிஸ்டத்தில் இரண்டு தலைப்பு வைத்துவிட்டோம் சார்” என்று திரையைத் திருப்பிக் காட்டினார்.