பிறப்பத்தாட்சிப் பிரதி: கவுண்டரா, ஒன்லைனா, நடமாடும் சேவையா?

அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று எதற்கு வெளிக்கிட்டாலும் முதலில் கேட்பது பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியைத்தான். மட்டக்களப்பிலோ அம்பாறைக் கரையோரத்திலோ இருப்பவர் அதைப் பிரதேச செயலகக் கவுண்டரில் எடுக்கலாம், பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்கு ஒன்லைனில் விண்ணப்பிக்கலாம், இல்லாவிட்டால் நடமாடும் சேவை ஊருக்கு வரும்வரை காத்திருக்கலாம். இதில் ஒன்லைன்தான் புதுமை, மற்றதெல்லாம் பழைய கச்சேரிக் காலத்து வேலை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

கவுண்டரையே எடுங்கள். வெளியே பார்த்தால் அதே வாங்கு, அதே படிவம், அதே மதியச் சாப்பாட்டு இடைவேளை. ஆனால் உள்ளே பெரிய மாற்றம் ஒன்று சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. 1960க்குப் பிந்திய பதிவுகளைக் கணினியில் ஏற்றியதால், ஏறிய பதிவென்றால் அதன் பிரதியை நாட்டின் எந்தப் பிரதேச செயலகத்திலும் எடுக்கலாம். பொத்துவிலில் பிறந்து வாழைச்சேனையில் கல்யாணம் முடித்த ஒரு பெண் ஒரு தாள் துண்டுக்காகக் கைக்குழந்தையோடு இரண்டு மூன்று பஸ் மாறிப் பிறந்த ஊருக்குப் போக வேண்டியிருந்த இடத்தில், இப்போது வாழைச்சேனையிலேயே வேலை முடிகிறது. அவர் கையில் ஸ்மார்ட் போன் இருக்கத் தேவையில்லை, ஆங்கிலம் தெரிந்திருக்கத் தேவையில்லை. பதிவு இலக்கம் தெரியாவிட்டாலும் தேடுவதற்குரிய கட்டணத்தைக் கட்டித் தேடச் சொல்லலாம்.

ஒன்லைன் யாருக்கு நல்லது என்றால், கொழும்பில் லீவு கிடைக்காமல் வேலை செய்பவருக்கு, கையில் வங்கி அட்டையும் பதிவு விபரமும் இருப்பவருக்கு. அவர்களுக்கு உண்மையிலேயே பெரிய உதவி, அதை மறுக்க முடியாது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் கதை வேறு. வெல்லாவெளிப் பக்கத்து விவசாயி ஒருவருக்கு ஒன்லைன் என்றால் சந்தியில் இருக்கும் கொமினிகேஷன் கடைதான். கடைத் தம்பி தன்னுடைய அட்டையால் பணம் கட்டுவார், ஓடிபி வந்தால் இவர் போனை அப்படியே தூக்கிக் கொடுப்பார், பிறகு தபாலுக்குக் காத்திருக்க வேண்டும். கடைக்காரருக்கும் கூலி கொடுத்து, சொந்த விபரம் முழுவதையும் அந்தக் கணினியில் விட்டுவிட்டு வருவதைவிட கவுண்டருக்கே போயிருக்கலாம்.

2022இல் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்க வந்த கியூஆர் முறை ஏன் இங்கே அவ்வளவு வேகமாக ஓடியது? போன் இல்லாதவர்கூட அதைப் பிரிண்ட் எடுத்து, லெமினேட் பண்ணி, மோட்டார் சைக்கிள் சாவியோடு கொழுவிக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். கணினி அரசாங்கத்தின் பக்கம் நின்றது, சனத்தின் கையில் வெறும் தாள். பிரதேச செயலகக் கவுண்டரும் கிட்டத்தட்ட அந்த வகைதான்.

நடமாடும் சேவையைச் சிலர் பந்தல் போட்டு அரசியல்வாதி பேசும் நிகழ்ச்சி என்று ஒதுக்குகிறார்கள். பாதி நியாயம் இருக்கிறது, பேச்சு நீளத்தான் செய்கிறது. ஆனால் வெறும் பிரதி எடுக்க அங்கே போக வேண்டாம், சிக்கல் உள்ளவர்தான் போக வேண்டும். பிறந்து மூன்று மாதம் தாண்டிவிட்டால் காலங்கடந்த பதிவு என்று தனி நடைமுறை, அதற்குத் தனிக் கடதாசிகள். யுத்தத்தில் இடம்பெயர்ந்து, பிறகு 2004 சுனாமியில் வீட்டோடு எல்லாக் கடதாசியையும் இழந்த குடும்பங்கள் இந்தக் கரையோரத்தில் எத்தனை! பதிவே கிடைக்காதவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ்வரை போக வேண்டிவரும். சாதாரண நாளில் ஜீ.எஸ். என்னும் கிராம சேவகர் ஓரிடம், பதிவாளர் இன்னோரிடம், அடையாள அட்டை தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாடு வேறோரிடம். ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இவர்கள் எல்லோரும் அடுத்தடுத்த மேசையில் இருந்தால், ஒருவர் இல்லாத குறையை மற்றவர் சாட்டாகச் சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது. அதுதான் அதன் பலம்.

பலவீனம், அது எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. வெள்ளாமை வெட்டும் நேரத்தில் வைத்தால் யார் வருவது? அன்றைக்கு முடியாத கோவை அதற்குப் பிறகு எந்த மேசையில் கிடக்கிறது என்று கேட்கவும் ஆள் இருக்காது. அதனால் கொடுக்கும்போதே பொறுப்பெடுத்த அலுவலரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி வாங்குங்கள். எல்லாத் தாளிலும் இரண்டு போட்டோக் கொப்பி வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள், அங்கே கொப்பி எடுக்கும் வரிசைதான் பெரும்பாலும் நீளமானது.