டைனா 3எல் லொறியும் அந்த டி-பெல்ட் லைட்டும்

பழைய டொயோட்டா டைனா ஒன்றை மீன் லொறியாக எடுக்கப்போகும் நண்பர் கேட்டது ஒரே கேள்வி: "டைமிங் பெல்ட்டை எப்ப மாத்துறது? லைட் எரியுமட்டும் விடலாமா?" விடக்கூடாது. க்ராங்கின் சுழற்சியை, வால்வுகளைத் திறக்கும் கேமுக்கும் டீசல் பம்புக்கும் கொண்டுபோகிற பல்லுள்ள ரப்பர் பெல்ட்தான் டைமிங் பெல்ட். ஏன் விடக்கூடாது என்று சொல்வதற்கு அந்த லைட்டைக் கொஞ்சம் திட்ட வேண்டும்.

முதலில் நியாயம். டைனாவின் 3எல் டீசல் எஞ்சினில் குறை சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. 2,779 சிசி, டர்போ இல்லை, எல்லாமே மெக்கானிக்கல். டொல்பின் ஹைஏஸிலும் ஹைலக்ஸிலும் இதே குடும்ப எஞ்சின் என்பதால் சாமான் கிடைக்காத ஊர் இல்லை. றேடியேற்றர் தண்ணீரைக் கவனித்தால் ஹெட் தப்பும்.

இனி அந்த டி-பெல்ட் (டைமிங் பெல்ட்) லைட். 100,000 கிலோமீற்றர் ஆனதும் மீற்றர் போர்டில் எரிய வேண்டியது. நல்ல யோசனைதான். ஆனால் அது பெல்ட்டைப் பார்ப்பதில்லை, மீற்றரை மட்டுமே எண்ணுகிறது. மீற்றர் கேபிள் அறுந்து லொறி ஒரு வருடம் ஓடியிருந்தால் அந்த ஒரு வருடம் லைட்டின் கணக்கில் இல்லை. மீற்றரைச் சுற்றி விற்றிருந்தால் எண்ணிக்கையே பொய். போதாததற்கு, பெல்ட்டை மாற்றாமலே லைட்டை அணைக்கலாம். மொடலைப் பொறுத்து, ரப்பர் மூடிக்குப் பின்னால் உள்ள பொத்தானை அழுத்துவார்கள், அல்லது மீற்றரின் பின்பக்கத் திருகாணியைப் பக்கத்துத் துளைக்கு மாற்றுவார்கள். பல்பையே கழற்றி எறிவதும் உண்டு. வாங்கப் போனால் சாவியை ஒன் பண்ணிப் பாருங்கள். மற்ற லைட்டுகளோடு அதுவும் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவில்லையென்றால் பல்பு இல்லை, அல்லது பல்பு பியூஸ் போயிருக்கிறது.

திருகோணமலைக் கொட்பே துறைமுகத்தில் மீன் ஏற்றும் லொறிக்கு இன்னொரு வில்லங்கம். கூலர் ஓடுவதற்காக எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்கும் நேரம் மீற்றரில் ஏறாது, பெல்ட்டில் ஏறும். 60இல் போகும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று, நின்ற இடத்தில் 700 என்று வையுங்கள். ஒரு மணி நேரக் காத்திருப்பு பெல்ட்டுக்கு ஏறக்குறைய 20 கிலோமீற்றர். தினம் 3 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்றால் 18,000 கிலோமீற்றர் சும்மா நின்றே தேய்கிறது. லைட்டுக்கு இது தெரியாது.

ரப்பருக்கு வயதும் உண்டு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கந்தளாய்ப் பக்கம் பாரத்தோடு ஏறுகிற எஞ்சினின் கவருக்குள் எவ்வளவு சூடு என்று சொல்லத் தேவையில்லை. என் கணக்கு: 80,000 கிலோமீற்றர் அல்லது 5 வருடம், எது முந்துகிறதோ அது. வரலாறு தெரியாத லொறியென்றால் வாங்கிய வாரமே. இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வ் பிஸ்டனில் அடிக்கும். பிறகு ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு ஏற்றுவதுதான். விசிறி பெல்ட் போல இது கத்தி எச்சரிக்காது.

மேல் கவரைக் கழற்றிப் பெல்ட்டைப் பாருங்கள். பல்லின் அடியில் மயிரிழை வெடிப்பு, முதுகில் கண்ணாடிப் பளபளப்பு, ஓரத்தில் நூல், எங்காவது ஒயில் ஈரம்: இதில் ஒன்று போதும், மாற்ற. ஆனால் பார்க்க நல்லாயிருக்கிற பெல்ட்டும் அறும். "இன்னும் ஓடும் அண்ண" என்று கராஜில் சொல்வதை நம்பவேண்டாம்.

மாற்றும்போது பெல்ட்டை மட்டும் வாங்குவது கஞ்சத்தனம். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் பெயரிங், ஸ்பிரிங், க்ராங்க் ஒயில் சீல், கேம் ஒயில் சீல் எல்லாம் சேர்த்து மாற்ற வேண்டும். சீல் கசிந்தால் புதுப் பெல்ட்டும் ஊறிப்போகும். டீசல் பம்பின் முன் சீலில் கசிவிருந்தால் அதையும் முடித்துவிட்டுத்தான் பெல்ட். தண்ணீர் பம்பை விசிறி பெல்ட் ஓட்டுகிறது. அதையும் மாற்று என்பது கார்க்காரர்களின் பாடம், இங்கே கட்டாயமில்லை.

க்ராங்க் புல்லியைப் புல்லர் போட்டுக் கழற்ற வேண்டும், சுத்தியல் வேண்டாம். க்ராங்க், கேம், பம்ப் மூன்றின் குறியையும் நேராக்கிப் பெல்ட்டைப் போட்டபின் டென்ஷனர் போல்ட்டைத் தளர்த்தி ஸ்பிரிங்கையே இழுக்க விடுங்கள். ஸ்க்ரூ ட்ரைவரால் நெம்பி இறுக்குகிறவரிடம் லொறியைக் கொடுக்கக்கூடாது. க்ராங்கை ஓடும் திசையில் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் திரும்பப் பொருந்துகிறதா பார்த்தபிறகே டென்ஷனர் போல்ட்டின் கடைசி இறுக்கு. பம்ப் ஒரு பல் பிந்தினால் வெள்ளைப் புகையும் காலையில் ஸ்டார்ட் எடுக்க மறுப்பதும், முந்தினால் இரும்பை அடிக்கிற மாதிரி நொக்கிங்.

கவரின் ஓரத்து ரப்பர் பட்டியைக் கராஜில் குப்பையில் போட்டுவிடுவார்கள். கேட்டு வாங்கித் திரும்பப் போடுவியுங்கள். புல்மோட்டை வீதியின் மணலும் கடற்காற்றின் உப்பும் அந்த இடைவெளியால்தான் பெயரிங்குக்குப் போகின்றன. மாற்றிய தேதியையும் கிலோமீற்றரையும் கவரிலேயே பெயின்டால் எழுதிவிட்டால் அந்த லைட்டே தேவையில்லை.

3எல் எஞ்சினைப் புகழ்ந்தாலும், இன்றைய மனநிலையில் இசுசு எல்ஃப் எடுக்கத்தான் சொல்வேன். அதன் 4ஜேபி1 எஞ்சினில் பெல்ட்டே இல்லை, கியர். சத்தம் கொஞ்சம் கூட, பரவாயில்லை. டைனாதான் வேண்டுமென்றால் பெல்ட், பெயரிங், சீல், கூலி எல்லாவற்றையும் விலையில் கழித்துப் பேசுங்கள். "லைட் எரியேல்ல, பெல்ட் நல்லாயிருக்கு" என்பதற்காக ஒரு சதமும் கூட்டிக் கொடுக்க வேண்டாம்.